மலையகத்தில் நல்ல பியர் தேடுவது எப்படி: கண்டி முதல் பண்டாரவளை வரை

பெங்களூர் மாதிரி ஒரு நகரத்தில் பியர் தேடிப் போகிறவருக்கு வேலை சுலபம். கடைக்குள்ளேயே வடித்து ஊற்றுகிற சிறு ஆலைகளைக் கைபேசியில் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வரலாம். அதே நினைப்போடு கண்டியில் வந்து இறங்கினால் ஏமாற்றம்தான். மலையகத்துப் பார்களிலும் வைன் ஸ்டோர்ஸ் எனப்படும் மதுக்கடைகளிலும் கிடைப்பதில் பெரும்பகுதி கீழே இருக்கும் பெரிய ஆலைகளிலிருந்து லொறியில் ஏறி வருவது. பியகமவில் லயன், குருநாகல் பக்கம் மாவத்தகமவில் ஹைனகன். சுற்றிச் சுற்றி வந்தாலும் பெயர்ப்பட்டியல் ஒரு கைக்கடக்கமான பட்டியல்தான்.

ஆனால் ஒரே லேபல் ஒட்டிய இரண்டு போத்தல், ஒரே தெருவில் இரண்டு கடையில் வாங்கினால், இரண்டு ருசி இருக்கும். ஒன்று வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் ஐந்து மாதம் நின்றது. மற்றது போன கிழமை லொறியில் வந்து நேரே பிரிட்ஜுக்குப் போனது. இங்கே பியர் தேடுவது என்பது நன்றாக வைத்திருக்கும் கடையைத் தேடுவதுதான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த ஊரில் எதைக் கேட்பது, எங்கே கெட்டுப்போகிறது என்பதெல்லாம் கீழே.

பழைய கதை கொஞ்சம்

இலங்கையின் பியர் வரலாறு மலையில் தொடங்கியதுதான். ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்கப் பார்த்தபோது, உருளைக்கிழங்கு, மாடு, குதிரையோடு பியர் வடிக்கிற யோசனையும் கூடவே வந்தது. குளிர்சாதனம் இல்லாத காலம். பியர் நொதிக்கக் குளிர் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டும் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் சும்மா கிடைத்தன. லயன் நிறுவனம் தன் தொடக்கம் என்று குறிப்பிடும் 1881ஆம் ஆண்டும் நுவரெலியா ஆலையின் கணக்குத்தான். 1990களின் இறுதியில் வடிப்பு பியகமவுக்கு இறங்கிவிட்டது. மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) ஹொப்ஸும் (கசப்பும் வாசமும் தரும் பூ) கப்பலில் வருபவை. குளிரை இயந்திரம் கொடுக்கிறது. அப்புறம் எதற்கு ஆலையை மலை உச்சியில் வைத்துப் போத்தலைக் கீழே இறக்குவது?

ஆகவே நுவரெலியாவில் பழைய ஆலையைத் தேடி ஓட்டோக்காரரை அலைக்கழிக்க வேண்டாம். அங்கே போய்க் குடிக்க ஒன்றும் இல்லை.

நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்

பயணம் பாழாவது பெரும்பாலும் இதனால்தான். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா. அன்று நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. ஹோட்டல் பார்களும் அடைப்புத்தான். வெசாக்குக்கு இரண்டு நாள். இவற்றோடு பெப்ரவரி 4, சித்திரைப் புத்தாண்டு, ஒக்டோபர் 3 மதுவொழிப்பு தினம், நத்தார் ஆகியவையும் சேரும். தேர்தல் வந்தால் தனி அறிவித்தல். கண்டியில் தலதா மாளிகை ஊர்வலமான எசல பெரஹரா நாட்களில் நகர எல்லைக்குள் மூடச்சொல்லி மதுவரித் திணைக்களம் உத்தரவு போடுவது வழக்கம். ஜூலை, ஓகஸ்ட்டில் போகிறவர்கள் அந்த வருடத்துத் திகதிகளை முதலில் பார்த்துவிட வேண்டும்.

போயாவுக்கு முந்தின நாள் மாலை வைன் ஸ்டோர்ஸ் வாசலில் வரிசை நிற்கும். குளிரூட்டிய போத்தல்கள்தான் முதலில் தீரும், ஆறு மணிக்குப் பிறகு கிடைப்பது அலுமாரிச் சரக்கு. தோட்டப் பகுதி டவுன்களுக்கு இன்னொரு நாட்காட்டியும் உண்டு. மாதம் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் போடுகிறார்கள். அந்த இரண்டு மூன்று நாள் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா கடைகளில் நெரிசல், மது கூடிய ஸ்ட்ராங் வகைகள் காலி. ருசி பார்த்து வாங்குகிறவருக்கு அதற்கு அடுத்த வாரம்தான் நல்லது. கூட்டம் அடங்கியிருக்கும், சரக்கும் புதிதாக இறங்கியிருக்கும்.

நேரமும் ஒரு சிக்கல். உரிமப்பத்திரத்தின் வகையைப் பொறுத்து விற்கலாம் என்ற மணிக்கணக்கு மாறும். உணவகத்தோடு சேர்ந்த பல பார்கள் பகல் இரண்டு மணிக்கு நிறுத்தி மாலை ஐந்துக்குத்தான் மறுபடி ஊற்றும். மூன்று மணிக்கு ரயிலில் வந்து இறங்கி நேரே பாருக்குப் போனால், கிடைப்பது மது இல்லாத ஜிஞ்சர் பியர்தான். (அதுவும் மோசமில்லை.)

வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும், இளமையாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாட்களிலேயே அந்த நீக்கத்தையும் திருப்பிவிட்டார்கள். அதனால் ஒரு வைன் ஸ்டோர்ஸில் பேசாமல் கொடுப்பார்கள், அடுத்ததில் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். சுற்றுலா ஹோட்டல்களின் பார்களில் இந்தத் தொல்லை குறைவு. பெண்களும் சேர்ந்து போகும் குழு தன் திட்டத்தை அந்த இடங்களைச் சுற்றிப் போட்டுக்கொள்வது நல்லது.

போத்தலைப் படிக்கும் முறை

கவுண்டரில் நிற்பவர் எடுத்துக்கொடுத்ததை அப்படியே பையில் போட்டுவிடாதீர்கள். "அண்ணே, புது ஸ்டொக்ல ஒன்னு தாங்க, திகதி பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் லேபலிலோ போத்தல் கழுத்திலோ இருக்கும், கேனில் அடிப்பக்கம். பார்க்க வேண்டியது உற்பத்தித் திகதிதான். லாகர் வகை (வழக்கமான பொன்னிற பியர்) முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் நன்றாக இருக்கும். அதற்குமேல் காலாவதி ஆகாவிட்டாலும் ஹொப்ஸ் வாசம் மங்கி, ஈரமான அட்டைப்பெட்டி மாதிரி ஒரு மந்தமான மணம் ஏறும். பியர் ஒட்சிசனோடு சேர்ந்ததன் விளைவு அது. சூடான இடத்தில் வைத்தால் இந்த மாற்றம் பல மடங்கு வேகமாக நடக்கும். ஆகவே கண்டிக் கடையில் தகரக்கூரைக்குக் கீழே இருந்த இரண்டு மாதப் போத்தலைவிட, நுவரெலியாக் கடையில் இருந்த நான்கு மாதப் போத்தல் நன்றாக இருக்க வாய்ப்புண்டு.

அடுத்தது கண்ணாடியின் நிறம். லயன் கபில நிறப் போத்தலில் வருகிறது. கார்ல்ஸ்பெர்க், ஹைனகன் பச்சையில். ஹொப்ஸில் உள்ள கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்தால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகும். கெட்ட பூண்டும் சுட்ட இறப்பரும் சேர்ந்த நாற்றம். கபிலக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. மலைவெயில் குளிராகத் தெரிந்தாலும் புற ஊதா கடுமையானது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரே போத்தலை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதை மேசைக்கடியிலும் கால் மணித்தியாலம் வைத்து முகர்ந்து பார்க்கலாம். பச்சைப் போத்தல் வாங்குவதென்றால் பெட்டிக்குள்ளிருந்தோ இருட்டான பிரிட்ஜின் பின்வரிசையிலிருந்தோ எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லையா, 500 மில்லிலீற்றர் கேன் வாங்குங்கள். கேனுக்குள் வெளிச்சமே போகாது.

போத்தலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து மெல்லச் சரித்தும் பாருங்கள். லாகரில் தவிடு மாதிரி துகள் மிதந்தால் பழையது, வேண்டாம். மூடியில் லேசான துரு மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஐஸ் தண்ணீரில் கிடந்ததன் அடையாளம் அது, நுவரெலியா ஈரத்தில் எல்லாமே துருப்பிடிக்கும்.

கண்டியில்

நடந்தே சுற்றக்கூடிய வட்டம் சிறியது. தலதா வீதியில் குயின்ஸ் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் பப் ரோயல், அதே வீதியில் மாடியிலிருந்து தெருவைப் பார்க்கும் த பப், ராஜ வீதியில் பழைய கட்டடத்தில் ரோயல் பார். வாவிக்கு மேலே மேட்டில் இருக்கும் சிலைட்லி சில்டுக்கு ஓட்டோ பிடிப்பது நல்லது, இரவில் இறங்கி நடக்க அந்த வீதி வசதியில்லை. இவை உள்ளூர்க்காரரும் பயணிகளும் நெடுங்காலமாகப் போய்வரும் பெயர்கள். உரிமமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் புறப்படுமுன் ஒரு தடவை போன் போட்டுக் கேளுங்கள். இவை தவிர, டவுனுக்குள் கீழே வைன் ஸ்டோர்ஸ், மேலே மேசை போட்ட பார் என்ற அமைப்பில் நிறைய உண்டு. விலை குறைவு, சத்தம் கூட.

கண்டியில் தேட வேண்டியது ட்ராஃப்ட். குழாயிலிருந்து ஊற்றும் பியர் ஒன்று உச்சத்தில் இருக்கும், இல்லாவிட்டால் படுமோசமாக இருக்கும். நடுவில் நிற்பது அபூர்வம். காரணம் பீப்பாய் அல்ல, பீப்பாயிலிருந்து குழாய் வரை போகும் அந்த நீண்ட பிளாஸ்டிக் டியூப். அதை இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது மருந்து போட்டுக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் உள்ளே ஈஸ்டும் பக்டீரியாவும் பாசி மாதிரி படியும். பியரில் பட்டர் மணமோ வினாகிரிப் புளிப்போ ஏறும். லாகரில் பட்டர் மணம் வந்தால் இரண்டாவது கிளாஸுக்குப் போகாதீர்கள்.

முதல் கிளாஸைக் கடை திறந்தவுடன் கேட்கவும் வேண்டாம். இரவு முழுக்க டியூபில் தேங்கியதுதான் முதலில் வரும். நல்ல பார்காரர் அதை வடித்துக் கொட்டிவிடுவார், எல்லோரும் கொட்டுவதில்லை. ஏழு மணிக்குமேல், நாலு மேசைக்காவது ஊற்றிய பிறகு கேட்பது பாதுகாப்பு. "பீப்பாய் எப்ப திறந்தீங்க?" என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் நல்ல அறிகுறி. வெள்ளி, சனி தவிர மற்ற நாட்களில் வெறிச்சோடும் பாரில் ட்ராஃப்ட்டைத் தவிர்த்து, போத்தலுக்குப் போய்விடுங்கள்.

வந்த கிளாஸைக் குடிக்குமுன் கண்ணால் பாருங்கள். உட்சுவரில் ஆங்காங்கே குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸில் எண்ணெய்ப்பசையோ சவர்க்காரமோ மிச்சமிருக்கிறது. டெவல்ட் (காரமாக வதக்கிய இறைச்சி) தட்டும் கிளாஸும் ஒரே தொட்டியில் கழுவப்படும் இடங்களில் இது சர்வசாதாரணம். சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மிடறுக்கும் நுரை ஒரு வளையம் விட்டுப்போகும். எண்ணெய்ப்பசை நுரையை ஒரு நிமிடத்தில் கொன்றுவிடும். அப்படியிருந்தால் இன்னொரு கிளாஸ் கேட்டு, வெறும் தண்ணீரில் அலசித்தரச் சொல்லலாம். ஐஸ்பெட்டியில் வைத்து வெள்ளை பூத்த கிளாஸ் தந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தப் பனி உருகி பியரில்தான் கலக்கும், நுரையும் கட்டுக்கடங்காமல் பொங்கும்.

முழுக்க நுரையாக வந்தால் பீப்பாய் சூடேறியிருக்கிறது அல்லது எரிவாயு அழுத்தம் சரியில்லை. நுரையே இல்லாமல் தட்டையாக வந்தால் எரிவாயுச் சிலிண்டர் முடியப்போகிறது. இரண்டும் அன்றிரவே சரியாகிற காரியமல்ல. பில்லைக் கேட்டுவிட்டு அடுத்த பாருக்கு நடக்கலாம்.

ஸ்டவுட்: இங்கே தேடத்தக்க ஒன்று

லாகர் எல்லா நாட்டிலும் இருக்கிறது. மலைக்குளிரில் உட்கார்ந்து குடிக்க இந்த நாட்டுக்கென்று உள்ளது லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர். பியர்ப் போட்டி நடுவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வகைப்பாட்டில் வெப்பமண்டல ஸ்டவுட் என்று ஒரு தனி வகையே உண்டு. அதற்கு உதாரணமாக ஜமேக்கா ஸ்டவுட்டுகளோடு லயனையும் சேர்த்திருக்கிறார்கள். அயர்லாந்து ஸ்டவுட் வறண்டு கசக்கும். இந்த வகை இனிப்பும் கனமும் கூடியது. வறுத்த மால்ட்டின் கோப்பி, கறுப்புச் சொக்லட், கொஞ்சம் உலர்ந்த திராட்சை, கடைசியில் கித்துள் பனைப்பாகின் சாயல்.

இதைக் கெடுப்பது குளிர்தான். பார்களில் லாகரோடு சேர்த்து ஒரே பிரிட்ஜில் 3, 4 பாகையில் வைத்து அப்படியே மேசைக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் குளிரில் நாக்கு மரத்து, கசப்பும் மதுவின் காரமும் மட்டுமே தெரியும். "ஸ்டவுட் எனக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இப்படிக் குடித்தவர்கள். இது 10 முதல் 13 பாகை வரை இருக்க வேண்டும். "சீத்தல நெத்தி ஸ்டவுட் எகக் தியெனவத?" என்று சிங்களத்தில் கேட்டால், குளிரூட்டாத ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள், கொஞ்சம் விநோதமாகப் பார்த்துக்கொண்டே. கண்டியில் அலுமாரிப் போத்தல் 25 பாகையில் இருக்கும், அது கூடச் சூடு. ஐஸ் வாளியில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். நுவரெலியாவில் அலுமாரியில் இருந்தபடியே ஊற்றலாம், இரவில் அறையின் குளிரே போதும். பிரிட்ஜிலிருந்துதான் வந்ததென்றால், கிளாஸில் ஊற்றிவிட்டு அரை மணித்தியாலம் பைட்ஸ் (தொட்டுக்கொள்ளும் தீனி) சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.

அளவில் கவனம் வேண்டும். போத்தலில் 8.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தலில் 55 மில்லிலீற்றர் சுத்த மது, நிறையில் ஏறக்குறைய 43 கிராம். அதே அளவு 4.8 சதவீத லாகரில் 24 கிராம்கூட வராது. உடம்பு ஒரு மணித்தியாலத்தில் கழிப்பது சராசரியாக ஏழிலிருந்து பத்து கிராம். ஆக ஒரு பெரிய ஸ்டவுட் இறங்க ஐந்து ஆறு மணித்தியாலம் ஆகும். ருசி பார்க்க 325 மில்லிலீற்றர் சிறிய போத்தல் ஒன்றை இருவர் பகிர்ந்தால் போதும்.

ஸ்ட்ராங் என்று லேபல் போட்ட லாகர்களைப் பற்றி ஒரே வரி: மது கூடுகிறது, ருசி கூடுவதில்லை.

பைட்ஸ் விஷயத்தில் ஸ்டவுட்டோடு டெவல்ட் பன்றி, டெவல்ட் கோழி கேட்கிற பழக்கத்தை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மிளகாய்க் காரத்தை மதுவும் வாயுவும் சேர்ந்து இன்னும் ஏற்றிவிடும். காரம் லாகருக்குப் போகட்டும். ஸ்டவுட்டுக்கு மிளகு மட்டும் போட்ட ஈரல் வறுவல், மாட்டிறைச்சி, அல்லது நேர் எதிராக இனிப்பு: மில்க் டொஃபி, சொக்லட் கேக், நத்தார் கேக் மிச்சமிருந்தால் அதுவும். நுவரெலியாவில் பச்சைக் கரட்டை நீளமாக வெட்டி உப்பும் தூளும் தூவித் தருகிற இடங்கள் உண்டு. லாகரோடு அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

நுவரெலியா: உயரம் செய்யும் வேலை

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாகப் பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்கள் நானுஓயாவில் இறங்கி ஏறக்குறைய எட்டு கிலோமீற்றர் ஓட்டோவிலோ பஸ்ஸிலோ போக வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதையும் தண்டவாளமும் அடைபடுவதுண்டு. காலையில் விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். போத்தலுக்குள் இருக்கும் வாயு கீழே அடைக்கப்பட்டது. இங்கே திறக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் கூடுவதால் நுரை வேகமாகப் பொங்கும். றம்பொடை வளைவுகளில் குலுங்கி வந்த போத்தலை அறைக்குள் நுழைந்த கையோடு திறந்தால் கால்வாசி தரைக்குத்தான். நிமிர்த்தி வைத்து, குளிரவிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் திறங்கள். குளிர்ந்த திரவம் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். மூடியை ஒரே இழுப்பாக இழுக்காமல் ஓரத்தை லேசாக நெம்பி, சீறல் அடங்கியதும் முழுக்கத் திறக்க வேண்டும். இங்கே பார்களில் நுரை கூடுதலாக வந்தால் உடனே பார்காரரைக் குறை சொல்லாதீர்கள், கொஞ்சம் உயரத்தின் குற்றமும் உண்டு.

டவுனில் லயன் பப் சாதாரண ஆட்கள் போய் உட்காரும் இடம், சரக்கும் வேகமாக ஓடும். கிராண்ட் ஹோட்டல் பார் விலை கூடியது, ஆனால் வைத்திருக்கும் முறை ஒழுங்கானது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் வெளியாட்கள் தற்காலிக அங்கத்துவக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போகலாம். மாலை ஏழுக்குமேல் கோட்டும் டையும் கேட்கும் பழக்கம் துரைமார் காலத்திலிருந்து விடாமல் வருகிறது. பியருக்காக அங்கே போக வேண்டியதில்லை. நெருப்படுப்பும் பழைய தளபாடமும் பார்க்க ஆசையிருந்தால் ஒரு ஸ்டவுட்டோடு முடித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் சீசனில் போத்தல்கள் அலுமாரியில் தூங்குவதில்லை, எல்லாம் புதுச்சரக்கு. ஆனால் அறை விலை எகிறும், மேசை கிடைக்காது, பிரிட்ஜ் குளிர்வதற்குள் போத்தல் விற்றுவிடும். ஜனவரி, பெப்ரவரியில் ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போனால் நிம்மதியாக ருசி பார்க்கலாம். ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

மற்ற டவுன்கள்

ஹட்டன், தலவாக்கலையில் பெரும்பாலும் வைன் ஸ்டோர்ஸ்தான். வாங்கி அறைக்குக் கொண்டுபோவதே முறை. பண்டாரவளையில் 1893இல் கட்டிய பண்டாரவளை ஹோட்டல் ஒரு மாலைக்கு நல்ல இடம். எல்லவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான கஃபே பார்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே போத்தல் நாள்பட நிற்பதில்லை, விலை மட்டும் கண்டியைவிடக் கூட. கள்ளுத் தவறணைகள் தனி உலகம், அதைத் தனியாக எழுத வேண்டும். போத்தலோ லேபலோ இல்லாமல் தோட்டத்து லயத்துப் பக்கம் யாராவது நீட்டும் கசிப்பை, அதாவது கள்ளச்சாராயத்தை, தொடாதீர்கள். உள்ளே என்ன போட்டார்கள் என்று காய்ச்சியவருக்கே நிச்சயமில்லை.

புனித மலையான சிவனொளிபாதமலைக்குப் போகும் பயணத்தோடு இதை இணைக்கவே கூடாது. ஹோர்ட்டன் சமவெளிக்குள் மதுவைக் கொண்டுபோக முடியாது. கிரகரி வாவிக்கரை, தேயிலை மலைத்திருப்பம், ரயில் கதவோரம் என்று பொது இடத்தில் போத்தல் திறப்பது குற்றம், பொலிஸ் பிடித்தால் பேசித் தப்ப முடியாது.

அறையில் ஒப்பிட்டுப் பார்ப்பது

எந்தக் கடை நல்ல கடை என்று கண்டுபிடிக்க ஒரே வழி ஒப்பிடுவது. மூன்று நான்கு பேர் சேர்ந்தால் போதும்.

1. மூன்று வெவ்வேறு கடையில் ஒரே வகை லாகர், ஒரே அளவு போத்தல் வாங்குங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கடைப்பெயரையும் உற்பத்தித் திகதியையும் எழுதி ஒட்டுங்கள்.
2. மூன்றையும் ஒன்றாகக் குளிரூட்டுங்கள். பிரிட்ஜென்றால் மூன்று மணித்தியாலம். வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் என்றால் 25 நிமிடம்; ஒரு கைப்பிடி உப்புப் போட்டால் கால் மணித்தியாலம். ஐஸை மட்டும் குவித்தால் நேரம் இழுக்கும், கண்ணாடியை முழுக்கத் தொடுவது தண்ணீர்தான். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகையில் உறைந்து போத்தல் வெடிக்கும்.
3. ஒருவர் மறைவாக ஊற்றட்டும். கிளாஸைச் சாய்த்துச் சுவரோரமாகப் பாதி வரை, பிறகு நிமிர்த்தி நடுவில். மேலே இரண்டு விரல் நுரை நிற்க வேண்டும். நுரைக்குப் பயந்து முழுக்கச் சாய்த்தே ஊற்றினால் மணம் எழும்பாது, வாயு முழுக்க வயிற்றுக்குள் போய் உப்பும்.
4. முதலில் மூக்கு. அட்டை, பட்டர், பூண்டு, பச்சை அப்பிள் எதுவும் வரக்கூடாது. பாண் மாவின் மணமும் லேசான புல்வாசமும் வந்தால் சரி. பிறகு இரண்டு மிடறு, நடுவில் தண்ணீரும் வெறும் கிறீம் கிறாக்கரும்.
5. ருசி பார்ப்பவர்கள் தனித்தனியே எழுதிய பிறகே அடியைத் திருப்பிப் பாருங்கள். பேசிக்கொண்டே குடித்தால் முதலில் வாய் திறந்தவர் சொன்னதுதான் எல்லோருக்கும் ருசியாகத் தெரியும்.

ஸ்டவுட் எப்போதும் கடைசியில். முதலில் குடித்தால் பின்னால் வரும் லாகர் தண்ணீராகத்தான் இருக்கும்.

பில், வண்டி, வெற்றுப் போத்தல்

போத்தலில் அச்சிட்ட விலை வைன் ஸ்டோர்ஸுக்கு. பாரில் அதற்குமேல் அவர்கள் விலை, பிறகு சேவைக்கட்டணம் பத்து சதவீதம், இடத்தைப் பொறுத்து வற் வரியும். பட்டியலில் வரி சேர்ந்திருக்கிறதா என்று உட்காரும்போதே கேட்டால் எழும்பும்போது வாக்குவாதம் இல்லை. திறந்ததும் கெட்ட மணம் வந்தால் ஒரு மிடறோடு நிறுத்தி, திகதியைக் காட்டித் திருப்பிக் கொடுங்கள். பாதி குடித்த போத்தலை யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

வாகனத்தில் போனால் குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும். சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஆனால் மூடுபனியில் ஊசிவளைவு இறங்குகிறவருக்கு அந்த எல்லைக்குக் கீழேயும் ஆபத்து இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஸ்டவுட் முடித்தவர் காலை ஐந்து மணிக்கு றம்பொடை இறங்கத் திட்டம் போடக்கூடாது, மேலே உள்ள கிராம் கணக்கைப் பாருங்கள். கண்டியில் செயலியில் ஓட்டோ கிடைக்கும். நுவரெலியாவில் இரவு ஒன்பதுக்குப் பிறகு ஸ்டாண்டில் ஆளில்லை, போன ஓட்டோக்காரரிடமே நம்பர் வாங்கித் திரும்பி வரும் நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள்.

வெற்றுப் போத்தல்களை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் காசு கழித்துத் தருவார்கள். கழுத்து உடையாமல், உள்ளே சிகரெட் கட்டை போடாமல் இருக்க வேண்டும்.